காலுக்குள் இருக்கும் ஆணி

வெள்ளவத்தை, செவ்வாய்க்கிழமை.

செக்பொயின்டில் அக்காவின் பையைக் கிளறிய ஆமிக்காரன், ஆய்வுகூடத்துக் கறுப்புத்தூள் போத்தலை எடுத்து "மொக்கத மே?" என்று அது என்னவெனக் கேட்டான். நான் முந்திக்கொண்டு "பெஹெத்" என்றேன். சிங்களத்திலும் மருந்தென்றால் வெடிமருந்தும்தான். அவன் தோளில் தொங்கிய துவக்கு என் பக்கம் திரும்பியது.

அக்கா என் காற்சட்டையை உயர்த்தி முழங்கால் தழும்பைக் காட்டினாள். உள்ளே இரும்பு ஆணி இருக்கிறது, அதற்குப் பதிலாக உடம்பிலேயே கரைகிற பிளாஸ்டிக் ஆணி செய்கிறேன், எலும்பு பொருந்தும்வரை அது உடையாமலிருக்கத்தான் இந்தக் காபன் நனோகுழாய்த் தூள் என்று சிங்களத்தில் சொன்னாள். அவன் உலோகம் தேடும் கருவியைக் காலில் வைத்தான். அது கத்தியது. நம்பி எங்களை விட்டுவிட்டான்.

பஸ்ஸில், "வாய மூடிக்கொண்டு இருக்கமாட்டியே, விசரா?" என்றாள்.

"என்னப்போல படிப்ப விட்டவனுக்காகவோ இவ்வளவு படிக்கிறாய்?"

"பின்ன, ஆமிக்காரனுக்கோ?"

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வீட்டு வாசல்வரை விடவில்லை.