பங்களாப் பலகையில் நீலக்கறை

நேற்று தோட்டத்து டிஸ்பென்சரி வராந்தாவைச் சோடாத் தூள் போட்டுக் கழுவியிருந்தார்கள். ஈரப் பலகையும் சோடாவும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் உங்கள் மேல் பழைய கோபம் வந்துவிட்டது. செத்துப்போன புருஷனிடம் என்ன கோபம் என்பீர்கள். நான் யாரையும் லேசில் விடுகிறவள் இல்லை.

மடுல்சீமையில் துரை பங்களாவில் நீங்கள் வெளிவேலை பார்த்த காலம் அது. துரையும் துரைசாணியும் கொழும்புக்குப் போயிருந்தார்கள். அவர்கள் இல்லாத பங்களாவில் உங்களுக்கு மட்டும் வேலை கூடிப்போனது. பொழுது சாய்ந்து நம் லயத்து அறைக்கு வருவீர்கள், உடம்பெல்லாம் சவுக்கார வாசனை.

"எவ வீட்டு சவுக்காரம் இது?" என்று கேட்டேன்.

"பங்களாவுல கை கழுவினேன் புள்ள."

கை கழுவியவருக்கு முழங்கால் எப்படி நனையும்? சட்டை ஓரத்தில் நீலம் வேறு. பங்களா ஆயா நீலச் சேலை கட்டுகிறவள். எனக்கு அது போதுமாக இருந்தது. இரண்டு நாள் உங்களுக்குச் சோறு போட்டேன், பேசவில்லை.

மூன்றாம் நாள் பகல் கொழுந்து எடை போட்டதும், பக்கத்து நிரையில் கொழுந்து பறிக்கிறவளிடம் கூடையைக் கொடுத்துவிட்டு பங்களாவின் பின்பக்கம் போனேன். பள்ளத்தைப் பார்த்து நீட்டிக் கட்டிய அந்தப் பலகைத் தளத்தில், மண்டியிட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள். தனியாக.

"ஏறாத. அங்கயே நில்லு. வழுக்கி உட்ரும்" என்றீர்கள்.

அதையும் நான் நம்பவில்லை. சுற்றிக்கொண்டு போய் ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தேன். ஆயா தாய் வீட்டுக்கு, கொஸ்லந்தைக்குப் போய் ஒரு வாரமாகிறது என்று சமையல்கார அப்பு சிரித்துக்கொண்டே சொன்னார்.

பிறகுதான் வாயைத் திறந்தீர்கள். மழையில் பலகை முழுக்கப் பாசி. தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்துபோய், தேயிலைக்கு மருந்தடிக்கும் பம்பைக் கணக்கப்பிள்ளையிடம் கேட்காமலே எடுத்து வந்து பீய்ச்சியிருக்கிறீர்கள். தொட்டியைக் கழுவ வேண்டும் என்று தோன்றவில்லை. அடியில் கிடந்த மயில்துத்த மருந்து பலகையெல்லாம் நீலமாக ஊறிவிட்டது. குழாயைக் கிட்டப் பிடித்ததில் மரத்தின் நாரும் கிளம்பியிருந்தது. துரை கண்ணில் பட்டால் வேலை போகும், வேலையோடு லயத்து அறையும் போகும்.

திட்டிக்கொண்டேதான் நானும் உட்கார்ந்தேன். வழுக்காமலிருக்க என் காலில் சாக்குத் துண்டைக் கட்டிவிட்டீர்கள். "மர ஓட்டத்துக்குத் தேயி. குறுக்க தேச்சா சிலாம்பு ஏறிரும். சோடாத் தண்ணிய கையில படவுடாத" என்று ஓயாத உபதேசம். பம்பு எடுக்கும்போது அந்தப் புத்தி எங்கே போனதோ.

நாம் தேய்த்து முடிப்பதற்குள் துரை கொழும்பிலிருந்து வந்தார், தேநீர்க் கோப்பையோடு தளத்தில் நின்றார். மிச்சமிருந்த கறையைக் காட்டி, "பாசி இன்னும் போகலையே, திரும்பக் கழுவு" என்றார். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் சிரித்தபடி வந்தோம்.

லயத்துக்குள் நுழையும்போது கேட்டேன். "எங்கிட்ட மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?"

நம்பியிருக்க மாட்டேன்தான். அதற்குப் பிறகும் கடைக்குப் போய் வர நேரமானால் சட்டையை முகர்ந்து பார்ப்பேன். நீங்களும் கையைத் தூக்கிக் காட்டுவீர்கள்.

கடைசியில் ஒரு நாள் பதுளை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து சொன்னீர்கள். "ஒண்ணுமில்ல புள்ள, வெறும் சளி. நாளைக்கு அனுப்பிருவாங்க. கடைசி பஸ் போயிரும், நீ கௌம்பு."

நர்சம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டாக்டருக்காகக் காத்திருக்கவுமில்லை. நீங்கள் சொன்னதை அன்றைக்குத்தான் முதல் தடவையாக அப்படியே நம்பி, பஸ் ஏறினேன்.