அரைஞாண் காசு

அலுவிகாரை,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் பிரதீஷுக்கு அம்மா எழுதுவது. முத்துமாரி புண்ணியத்தில் நாங்கள் இருவரும் சுகம், நீயும் சர்மிளாவும் அந்தக் குளிரில் சுகமாக இருக்க வேண்டும் என்பதே காலையும் மாலையும் என் வேண்டுதல். ஏழு மாத வயிற்றோடு இருக்கிறவளைப் பாரம் தூக்க விடாதே. இங்கே மழை பிந்திவிட்டது, அப்பாவின் முழங்கால் வலி பழையபடிதான், மிளகு மட்டும் நன்றாகக் காய்த்தது. போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். நீ எடுத்தாலே அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார், அவர் காதில் விழக்கூடாத ஒன்றை எழுதவேண்டி இருக்கிறது.

கீழ் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த இந்திரகுமார் பழைய காசு சேர்க்கிறவர். போன மாதம் தன் போனில் ஏலத்துக்கு வந்த காசுகளை அப்பாவுக்குக் காட்டினார். அதில் நம் காசு இருந்தது. தாத்தா உன் அப்பாவுக்கு அரைஞாணில் கட்டி, பிறகு நாங்கள் உனக்குக் கட்டி, நீ கனடா போகும்போது உன் பர்சில் வைத்து அனுப்பினோமே, அதே ராசா காலத்துச் செப்புக் காசு. கயிறு கோக்கப் போட்ட துளையை அடைத்திருந்தார்கள், ஆனாலும் பக்கத்தில் ஆசாரி கை தவறிப் போட்ட கீறல் உன் அப்பாவுக்குத் தெரியாதா. பொலன்னறுவைப் பக்கம் வயலில் கிடைத்ததாம், யார் உடம்பிலும் படாததாம், அப்படி எழுதியிருந்தது. எவனோ புள்ளகிட்ட களவெடுத்துட்டான், நாம வருத்தப்படுவோம்னு புள்ள மறைக்குது என்று அப்பா முடிவே கட்டிவிட்டார்.

இந்திரகுமாரின் பெயரிலேயே அப்பா ஏலத்தில் விலை கேட்டார். அவர் கேட்கக் கேட்க இன்னொருவர் விடாமல் ஏற்றிக்கொண்டே போனார். அண்ணே, இந்தக் காசு இவ்வளவு பெறாது, ஏத்துறது விக்கிறவனோட ஆளு மாதிரி தெரியுது, விட்டுருங்க என்று இந்திரகுமார் நல்ல மனதோடு தடுத்தார். தம்புள்ளைச் சந்தையில் ஒரு கிலோ போஞ்சிக்காய்க்கு அரைநாள் பேரம் பேசுகிற மனுஷன், கொடியில் நின்ற மிளகை வந்த விலைக்கு வியாபாரியிடம் கொடுத்துவிட்டு அந்தக் காசை வாங்கினார். வாங்கிவிட்டு, எம் புள்ள காச வித்துத் திங்கிறவன் கை வெளங்காமப் போகும் என்றார். ஒருநாளும் யாரையும் சபிக்காத வாய்.

பார்சல் இந்திரகுமாரின் கொழும்புக் கடைக்கு வந்து, அவர் அதைக் கொண்டுவந்து என்னிடம் தந்தார். அனுப்பியவர் பெயர் போடும் இடத்தில் உன் பெயர் இருந்தது. ஒவ்வொரு கடிதத்துக்கும் நான் எழுத்துக் கூட்டிப் பார்த்து எழுதுகிறேனே, அதே விலாசம். உறையை அடுப்பில் போட்டுவிட்டுக் காசை மட்டும் அப்பா கையில் கொடுத்தேன். விற்றதற்காக நான் அழவில்லை மகனே, என்ன கஷ்டமோ, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உன் இடுப்பில் கிடந்ததை வயலில் கிடந்தது என்று எழுத எப்படி மனம் வந்தது. விலையை ஏற்றிவிட்டது யார் என்று நான் கேட்கவில்லை, கேட்டு நீ ஆமாம் என்றால் எனக்குத் தாங்காது.

அப்பா துளையைத் திரும்பவும் திறக்கச் செய்து, சிவப்புக் கயிறு கோத்து, பேரப்பிள்ளைக்கென்று சாமித் தட்டில் வைத்திருக்கிறார். நான் வெள்ளிதோறும் கோயிலுக்குப் போய், அவர் தெரியாமல் சொன்னது, பலிக்க விடாதே தாயே என்று மன்றாடுகிறேன். நீயோ மெஷினில் கை வைத்துப் பிழைக்கிறவன். கையுறை போடாமல் வேலை செய்யாதே, தூக்கக் கலக்கத்தோடு போகாதே. அவர் விட்ட சாபத்தை அவர்தான் திரும்ப எடுக்கவேண்டும், அதற்கு நீதான் வாய் திறக்கவேண்டும். நான் சொல்ல மாட்டேன், என் பிள்ளையைப் பற்றி அப்படிச் சொல்ல என் நாக்கு எழும்பாது.

மாரியாத்தா உங்கள் இருவரையும் வயிற்றுப் பிள்ளையையும் காக்கட்டும். சர்மிளாவுக்கு என் முத்தங்கள். அப்பா தன் ஆசீர்வாதத்தையும் சேர்த்து எழுதச் சொல்லி வாசலிலிருந்து சத்தம் போடுகிறார். வழக்கமாக அவருக்கும் சேர்த்து நானே எழுதிவிடுவேன். இந்த முறை எழுதவில்லை. நீ போன் எடுத்து, சொல்லவேண்டியதைச் சொல்லி, அந்த ஆசீர்வாதத்தை அவர் வாயாலேயே வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்
கிருஷ்ணம்மா