உறைபனி விழட்டும்

டங்கார்வன்,
20 நவம்பர் 1766

என் அன்புள்ள ஃபீலிம்,

இங்கே எல்லோரும் நலம், மாடு உட்பட. நேற்று முதல் உறைபனி விழுந்தது. ஊரே சலித்துக்கொள்கிறது, நான் ஒருத்திதான் வாளித் தண்ணீரில் மிதந்த பனிக்கட்டியைச் சந்தோஷமாகத் தட்டி உடைத்தேன். உறைபனியில் சாந்து பிடிக்காது, சாரத்தைவிட்டு இறங்கி ஆள் வீடு வந்து சேருவான் என்பது சுதை வேலைக்காரனைக் கட்டியவளுக்குத்தானே தெரியும். பக்கத்து வீட்டு பிரிட்ஜெட் கேலி செய்கிறாள்: "ஏன்டி, குளிரடிச்சா உனக்கு மட்டும் முகம் பூரிக்குது?"

வாசலில் வருகிறவர்களையெல்லாம் கடிக்கும் நம் ஆண் வாத்தைப் போன வாரம் புனித மார்ட்டின் திருநாள் விருந்துக்கே அறுத்திருக்க வேண்டும். நீங்கள் வந்து ஒரு கடி வாங்காமல் எப்படி என்று விட்டுவைத்திருக்கிறேன்.

தம்பி டெக்லன் ஈஸ்டர் கழிந்ததும் குடும்பத்தோடு கடல் தாண்டி நியூஃபவுண்ட்லாந்துக்கு மீன் பிடிக்கப் போகிறான். என்னையும் கூப்பிட்டான். குளிருக்கு என் வீட்டுக்காரர் வந்துவிடுவார் என்று சொல்லி அவன் வாயை அடைத்திருக்கிறேன். வந்துவிடுங்கள்.

உங்கள்,
ஓனோரா

டப்ளின்,
9 டிசம்பர் 1766

என் ஓனோராவுக்கு,

கோபித்துக்கொள்ளாதே. இந்தக் குளிருக்கு வர முடியாது. ஈஸ்டர் விருந்துக்குள் மாளிகை உட்கூரையின் சுதை வேலை முடிய வேண்டும் என்று வீட்டுக்காரப் பிரபு அந்த அறையின் எல்லாக் கணப்புகளிலும் ராப்பகலாகக் கரி எரிக்கச் சொல்லிவிட்டார். வெளியே உறைபனி, உள்ளே நாங்கள் சட்டையைக் கழற்றிவிட்டு வேலை செய்கிறோம்.

முடியாது என்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் இத்தனை காலம் அடுத்தவன் வரைந்ததை அச்சில் வார்த்து ஒட்டியவன் நான். இப்போதுதான் ஈரச் சாந்தில் என் கையாலேயே உருவம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். அண்ணாந்தே கிடந்து கிடந்து, சாப்பிடக் குனிந்தால் பிடரி வலிக்கிறது.

கூரை நடுவில் ஒரு கழுகு கேட்டார்கள். கழுகை நான் எங்கே கண்டேன்? நம் வாத்தின் கழுத்தையும் கோபத்தையும் வைத்துச் செய்துவிட்டேன். பிரபுவின் மனைவி பார்த்துவிட்டு, "ராஜ பார்வைப்பா அதுக்கு" என்றார். நான் சுவர் பக்கம் திரும்பிச் சிரித்தேன்.

உன்,
ஃபீலிம்

டங்கார்வன்,
3 பிப்ரவரி 1767

அன்புள்ள ஃபீலிம்,

வாத்துக் கதையைப் படித்துச் சிரித்தேன். அப்புறம் அழுகை வந்தது. கிறிஸ்துமஸுக்கு ஜன்னலில் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துவிட்டு உருளைக்கிழங்கும் மோரும் தனியாகச் சாப்பிட்டேன். டெக்லன் வந்து பார்த்தான். "அக்கா, அவரு கூரைக்கு வாழ்க்கைப்பட்டுட்டாரு. நீ யாருக்கு விளக்கேத்தறே?" என்றான்.

நாம் சேர்ந்து வாழ்ந்ததெல்லாம் குளிர்காலங்களில்தான். அதையும் பிரபுவின் கணப்பில் போட்டு எரித்துவிட்டீர்கள். எனக்கு அலுத்துவிட்டது. டெக்லனின் கப்பல் கிளம்புவதற்குள் நீங்கள் வந்து நின்றால் நான் எங்கும் போகவில்லை; வராவிட்டால் அவனோடு ஏறிவிடுவேன்.

உங்கள்,
ஓனோரா

டப்ளின்,
28 மார்ச் 1767

ஓனோரா,

கழுகு விழுந்துவிட்டது. கணப்புச் சூட்டில் மேல்பூச்சு அவசரமாகக் காய்ந்து இறுகியிருக்கிறது, உள்ளே பச்சையாகவே இருந்திருக்கிறது. பாதிக் கூரையோடு வந்துவிட்டது. நல்லவேளை, யார் மேலும் விழவில்லை. உறைபனி விழுந்தால் சாந்து பூசும் கரணையைக் கீழே வை என்பதுதான் இந்தத் தொழிலில் முதல் பாடம். தெரிந்தும், அந்தக் கழுகு மேலிருந்த ஆசையில் செய்துவிட்டேன்.

இப்படியே போட்டுவிட்டு ஓடி வரலாம். கூரையை விழவிட்டவன் என்ற பெயர்தான் கூட வரும். நெருப்பில்லாமல் முதலிலிருந்து செய்ய வேண்டும். கோடை முழுக்க ஆகும். அடுத்த உறைபனிக்கு நிச்சயம் வருகிறேன். போகாதே என்று சொல்ல எனக்கு முகமில்லை. ஆனாலும் போகாதே.

உன்,
ஃபீலிம்

நியூஃபவுண்ட்லாந்து,
2 நவம்பர் 1767

அன்புள்ள ஃபீலிம்,

உங்கள் மார்ச் கடிதத்தைப் படித்த பிறகுதான் கப்பல் ஏறினேன். பதில் எழுதக் கை வரவில்லை.

இங்கே வீடெல்லாம் மரப்பலகை. சாந்து பூச ஒரு சுவர் கிடையாது. உறைபனி இப்போதே வந்துவிட்டது, மே மாதம் வரை இருக்குமாம். அது விழுந்த முதல் நாள் காலையில் என்னை அறியாமல் இன்னொரு தட்டை எடுத்துத் துடைத்து வைத்துவிட்டேன். டெக்லன் மனைவி பார்த்துவிட்டு அதை எடுத்து உள்ளே வைத்தாள். இந்த ஊரில் உறைபனி விழுந்தால் யாரும் வீட்டுக்கு வருவதில்லை. கப்பல்தான் நின்றுபோகிறது.

நாளை கடைசிக் கப்பல். இந்தக் கடிதத்தை டப்ளினுக்கு அனுப்பாமல் பிரிட்ஜெட்டுக்கே அனுப்புகிறேன். சொன்னபடி நீங்கள் வந்து நம் கதவைத் தட்டினால் உங்கள் கையில் கொடுப்பாள். சாவியும் அவளிடம்தான் இருக்கிறது. உங்கள் கம்பளிச் சட்டை பெட்டியில் மடித்திருக்கிறது. வாத்தும் அவள் வீட்டில்தான், பார்த்து நடங்கள்.

வந்தீர்களானால், அடுத்த வசந்தத்தில் வாட்டர்ஃபோர்டிலிருந்து இங்கே வரக் கப்பல் உண்டு. கரணை கொண்டுவர வேண்டாம்.

நீங்கள் வராவிட்டால் பிரிட்ஜெட் இதை அடுப்பில் போட்டுவிடுவாள். அப்படித்தான் அவளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஓனோரா