கிட்னி என்று இனி சொல்ல மாட்டேன்

இத்தனை வருடமும் என்னை "இந்தா" என்றே கூப்பிட்ட என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் தலைத் திவசம் முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள். தெருவில் மறுபடியும் பள்ளம் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். எதற்கு என்று கேட்டால் தோண்டுகிறவர்களுக்கே தெரியவில்லை. இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன் என்றால் அது பொய். ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்து நீங்கள் வாங்கிய சத்தியத்தை நான் மீறிவிட்டேன். அதை உங்களிடம் நானே சொல்ல வேண்டும்.

எல்லாம் தறியில்தான் ஆரம்பித்தது. கரையைத் தனி நூலில் கோத்து நெய்கிற கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். நீங்கள் குழியில் உட்கார்ந்து நெய்வீர்கள், பக்கத்தில் இருந்து ஒரு கரைக்கு நான் குறுக்கு நூல் ஓடுகிற நாடாவைத் தள்ளுவேன். நீங்கள் எழுந்து கொல்லைப் பக்கம் போனால் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பேன். முதலில் எப்போதாவது போவீர்கள். பிறகு ஒரு விரற்கடை நெய்வதற்குள் மறுபடியும் எழுந்தீர்கள். "இன்னாங்க, சும்மா சும்மா எழுந்துக்கினு?" என்று கேட்டால், "வயசாவுதில்ல" என்பீர்கள். அந்த வருடம் பங்குனித் திருவிழாவுக்கு வரவில்லை, கால் வலி என்றீர்கள். கூட்டத்தில் ஒதுங்க இடம் கிடைக்காது என்ற பயம்தானே அது?

சுகராக இருக்கும் என்றார்கள் எல்லோரும். நம் ஊரில் ஒருவர் இரண்டு தடவை எழுந்து போனால் சுகர், அவ்வளவுதான். நீங்களே லேபுக்குப் போய் ரத்தம் கொடுத்தீர்கள். சுகர் இல்லை என்று வந்ததும் ஜாங்கிரி வாங்கி வந்து ஒன்றை என் வாயில் திணித்தீர்கள். "பாத்தியா, உடம்பு கல்லு மாரி இருக்குது" என்றீர்கள். நானும் சிரித்தேன். சுகர் இல்லை என்றால் பின் எதனால் இப்படி என்று நம் இரண்டு பேருக்குமே கேட்கத் தோன்றவில்லை. ஒரு டாக்டரிடம் போயிருந்தால் அவர் கேட்டிருப்பார்.

அப்புறம் முதுகு வலி வந்தது. தறிக்குழியில் உட்காருகிறவருக்கு முதுகு வலிக்காமல் இருக்குமா என்று மாதக்கணக்கில் எண்ணெய் தேய்த்தோம். கால் மரத்துப்போன பிறகுதான் ஸ்கேன் எடுத்தோம். புராஸ்டேட் என்ற வார்த்தையை அன்றைக்குத்தான் நான் கேள்விப்பட்டேன். மூத்திரப் பைக்குக் கீழே ஆண்களுக்கு மட்டும் இருக்கிற சுரப்பியாம். அதில் வந்த புற்றுநோய் எலும்புக்குப் போயிருந்தது. "முன்னாடியே வந்திருந்தா எவ்வளவோ பண்ணியிருக்கலாம்மா" என்று டாக்டர் சொன்னபோது நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அன்று சாயங்காலம்தான் சத்தியம் வாங்கினீர்கள். "யாருகிட்டயும் சொல்லாத. அந்த எடத்துல வியாதின்னா ஊருல இன்னா நினைப்பானுங்க? பொண்ணு சம்பந்தி வூட்டுல தலை நிமிந்து இருக்க வேணாமா? கிட்னின்னு சொல்லிடு." ஒரு தப்பும் செய்யாத மனுஷர், திருட்டுப் பொருளை மறைப்பது போல நோயை மறைத்தீர்கள். எனக்குக் கோபம் வந்தது. மூன்று பிரசவத்திலும் முன்பின் தெரியாதவர்கள் முன்னால் படுத்திருக்கிறேன்; என் வெட்கத்தை யார் கேட்டார்கள்? ஆனாலும் சத்தியம் செய்தேன். வலியில் துடிக்கிறவரிடம் நான் வேறு என்ன சொல்ல முடியும்?

துக்கம் கேட்க வந்த அத்தனை பேரிடமும் கிட்னி என்றேன். சொல்லிச் சொல்லி எனக்கே பழகிவிட்டது. உங்கள் தம்பி சேகரிடமும் அதையேதான் சொன்னேன்.

திவசத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் சேகர் வாலாஜாபாத்திலிருந்து வந்தான். பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவன் வா என்று சொல்லக்கூட விடாமல் நேராகக் கொல்லைக்கு ஓடினான். திரும்பி வந்து உட்கார்ந்து சந்தோஷமாகச் சொன்னான்: "அண்ணனுக்கு வந்த மாரி எனக்கும் வந்துடுமோன்னு பயந்துக்கினே இருந்தேன் அண்ணி. கிட்னி டெஸ்டு எடுத்துட்டேன். நல்லா இருக்குதாம். சுகரும் இல்ல."

ஜாங்கிரியோடு வந்த அன்றைக்கு உங்கள் முகம் இருந்த மாதிரியே அவன் முகம் இருந்தது. நம் பொய்யை நம்பி வேண்டாத சோதனையைச் செய்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறான். உண்மை வாய் வரைக்கும் வந்தது. உங்கள் கை என் கையைப் பிடித்தது ஞாபகம் வந்து, காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

திவசத்தன்று முதல் பந்தியில் ஆண்கள் உட்கார்ந்தார்கள். பங்காளிகளில் மூத்தவர் நடேசப் பெரியப்பா உங்கள் படத்தைப் பார்த்து, "கிட்னி போயிட்டா யாரு இன்னா பண்ண முடியும்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். அப்போது சேகர் எழுந்தான். இலையில் சோறு பாதி அப்படியே இருந்தது. திவசப் பந்தியில் நடுவில் யாராவது எழுவார்களா? பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். அவன் எச்சில் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினான்.

திரும்பி வந்து, "ஒண்ணுமில்ல பெரியப்பா, கிட்னி நல்லாத்தான் இருக்குது" என்று தலையைக் குனிந்துகொண்டான். நான் சாம்பார் வாளியைக் கீழே வைத்தேன்.

"உங்கண்ணனுக்கு வந்தது கிட்னி இல்ல சேகரு. நான் சொன்னது பொய்யி. புராஸ்டேட்ல கேன்சரு. இதே மாரிதான் எழுந்து எழுந்து போவாரு. நீ நாளைக்கே அதுக்குண்டான டாக்டரப் பாரு. ரத்தம் எடுப்பாங்க, கை வெச்சுப் பாப்பாங்க, ரெண்டு நிமிசம் வெக்கமா இருக்கும். வெக்கப்பட்டவரு அதோ படத்துல இருக்கறாரு."

பிறகு பெரியப்பா, "சோறு போடற எடத்துல பொம்பள பேசற பேச்சாம்மா இது?" என்றார். "நீங்க யாராச்சும் பேசியிருந்தா நான் ஏன் பேசப் போறேன்?" என்றேன். அதற்குப் பிறகு பந்தியில் யாரும் பாயசம் கேட்கவில்லை. திவச வீட்டில் சொல்லிக்கொண்டு போகக் கூடாதுதான். ஆனாலும் சேகர் என் முகத்தைப் பார்க்காமலே போனது எனக்கு வலித்தது.

அடுத்த வாரம் பூக்கடை வாசலில் பெரியப்பா நின்றிருந்தார். அக்கம் பக்கம் பார்த்துவிட்டு, "அந்த டெஸ்டு... ரத்தம் மட்டும் குடுத்தா போதுமாம்மா?" என்றார். "அத டாக்டரு சொல்லுவாரு பெரியப்பா, மொதல்ல போங்க" என்றேன். பூவை வாங்கிக்கொண்டு ஒன்றும் கேட்காதவர் போல நடந்துவிட்டார்.

நேற்று சேகர் பெண்டாட்டியோடு வந்தான். "வயசானா அது வீங்கறது சகஜம்தானாம் அண்ணி, எல்லாமே கேன்சர் இல்லியாம். ஒரு தொந்தரவும் இல்லாமலும் கேன்சர் இருக்குமாம். அம்பது தாண்டுனா டாக்டர கேட்டுக்கணுமாம். அப்பா, அண்ணன் யாருக்காவது இருந்துதுன்னா அதுக்கும் முன்னாலயே கேட்டுக்கணுமாம்." அதோடு நிறுத்தினான். அவன் பெண்டாட்டிதான் மீதியைச் சொன்னாள். ரத்தத்தில் அளவு அதிகம், சதை எடுத்துப் பார்த்தார்கள், கேன்சர்தான். ஆனால் சுரப்பியை விட்டு வெளியே போகவில்லை. ஆரம்பத்திலேயே வந்துவிட்டீர்கள், குணப்படுத்த நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றாராம் டாக்டர்.

இதைக் கேட்டு எனக்கு முதலில் சந்தோஷம் வரவில்லை. உங்கள் மேல்தான் கோபம் வந்தது. அந்த வார்த்தையை நீங்களும் கேட்டிருக்கலாமே. நானும் இப்படி உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கலாமே. அடுப்படிக்குப் போய் அழுதேன். பின்னாலேயே வந்த சேகர், "அண்ணன் இருந்திருந்தா உங்கள திட்டியிருப்பாரு அண்ணி" என்றான். திட்டட்டும் என்றேன். திட்டுவதற்காவது நீங்கள் இருந்திருக்கலாம்.

நம் பையனுக்கும் போன் போட்டு, நாற்பது ஆனதும் டாக்டரிடம் அப்பாவுக்கு இருந்ததைச் சொல்லிக் கேட்டுக்கொள் என்று சொல்லிவிட்டேன். சம்பந்தி வீட்டுக்கும் நானே போய்ச் சொன்னேன். சம்பந்தியம்மா கதவைச் சாத்திவிட்டு, தன் வீட்டுக்காரரும் ராத்திரியெல்லாம் எழுந்திருக்கிறார் என்று சொல்லி அழுதாள்.

உங்களுக்குச் செய்த சத்தியம் போகட்டும். இப்போது வேறு ஒன்று செய்கிறேன். அடுத்த மாதம் சேகருக்கு ஆபரேஷன். ஆஸ்பத்திரி வாசலில் நான் உட்கார்ந்திருப்பேன். என்ன நோய் என்று யார் கேட்டாலும் சத்தமாகச் சொல்வேன். உங்களைத்தான் வீட்டுக்குக் கூட்டிவர முடியவில்லை. உங்கள் தம்பியைக் கூட்டிக்கொண்டுதான் வருவேன்.

உங்கள் வீட்டுக்காரி,
சேகருக்கு அண்ணி,
கோமதி