உவமை கேட்ட மனைவிக்கு

கட்டுகஸ்தோட்டை
12.07.1968

அன்பின் பாலாம்பிகைக்கு,

நான் இங்கு சுகம். பருத்தித்துறையில் நீரும் அம்மாவும் சுகமாயிருக்க வேண்டும்.

உமது கடிதம் கிடைத்தது. என் கடிதங்கள் மீட்டர் றீடிங் போல இருக்கின்றனவாம். உவமையோடு எழுதாவிட்டால் இனிப் பதில் போடமாட்டீராம். தமிழ் ரீச்சரைக் கட்டியவனுக்கு இதுதான் கதி.

பழகிப் பார்ப்போமென்று, எனக்குச் சாப்பாடு தருகிற இரத்தினம்மா அக்காவிடம் தொடங்கினேன்.

"தோசை எப்படி இருக்கு தம்பி?"

"புது ஒயில் சீல் மாதிரி இருக்குதக்கா."

எண்ணெய் ஒரு துளியும் கசிய விடாத வளையம் அது; பம்ப் திருத்துகிறவன் வாயில் இதைவிடப் பெரிய புகழ்ச்சி கிடையாது.

"என் தோசை ரப்பருங்கிறீங்களா? அப்ப நாளையிலருந்து பாணே தின்னுங்க!"

மூன்று நாளாகப் பேக்கரிப் பாண்தான். கவலைப்படாதேயும், வயிறு ஒழுங்காக வேலை செய்கிறது.

இனி உம்மை எழுத வேண்டும். நிலவென்று எழுதலாம், ஆனால் அதில் பள்ளங்கள் இருக்கின்றன. மான், மயிலைக் கிட்ட நின்று பார்க்காமல் எழுதினால் பொய் ரிப்போர்ட். ஆகவே தெரிந்ததை எழுதுகிறேன். உமது கடிதம் வராத கிழமையில் நான் தண்ணீர் இல்லாமல் ஓடுகிற பம்ப் போல. வெளியே சத்தம் வழமைபோலக் கேட்கும். உள்ளே எரிந்துகொண்டிருக்கும்.

மிளகாய்த்தூளும் நான் இடுப்பில் கட்டுகிற நீலச் சாரமும் அனுப்பும். உமது படம் ஒன்றும் வையும், பழையதென்றாலும் பரவாயில்லை. தபால் எடுக்கிற நேரமாகிவிட்டது. உவமை பிழையென்றால் இந்தக் கடிதத்தையே சிவப்பு மையால் திருத்தி அனுப்பும். அதையும் பதிலாக எடுத்துக்கொள்வேன்.

தனபாலன்