ஈக்காட்டுத்தாங்கல் ஷெட்டுக்கு ஓர் இன்ஷூரன்ஸ்

அபிராமபுரம்,
டிசம்பர் 19

அன்புள்ள சிந்துவுக்கு,

நானும் அப்பாவும் இங்கே சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் அந்தக் கால்கரிக் குளிரில் காதை மூடிக்கொண்டு, வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நன்றாக இருக்க வேண்டும் என்று கபாலி கோயிலுக்குப் போகும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன். வாரம் இரண்டு தடவை போனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனை ஸ்பீக்கரில் போடாமல் உன் அப்பாவுக்குப் பேசத் தெரியாது, அவர் பக்கத்தில் இருந்தால் நான் சொல்ல நினைப்பதில் பாதியைச் சொல்ல முடிவதில்லை. எதிர்வீட்டு ஷண்முகப்ரியா மகனைப் பார்க்க அடுத்த வாரம் உங்கள் ஊருக்கு வருகிறாள், வத்தல், பருப்புப்பொடியோடு இதையும் அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். பொடியை ஃபிரிட்ஜில் வைக்காதே, கட்டி தட்டிப்போகும்.

ஆயுத பூஜைக்கு நம் கார் பாலிஷ் ஷெட்டில் ஒரு வண்டிக்குச் சேதமாகிவிட்டது என்று மட்டும்தான் உனக்குச் சொன்னோம். நடந்தது இதுதான். வருஷா வருஷம் அப்பா பாலிஷ் மிஷினுக்கெல்லாம் பொட்டு வைத்துவிட்டு, அன்றைக்கு ஷெட்டில் நிற்கிற வாடிக்கையாளர் வண்டிகளுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார் இல்லையா, யாரும் கேட்டு வைப்பதில்லை, எல்லோருக்கும் சந்தோஷம்தான். இந்த வருஷம் அடையாறு டாக்டரம்மா ஒருவருடைய வெள்ளைக் கார் நின்றது. முதல் நாள் சாயங்காலம்தான் அதற்குப் பெயின்ட் மங்காமல் காக்கிற கோட்டிங் போட்டிருந்தது, காய இரண்டு நாள் ஆகும், விரல்கூடப் படக்கூடாது. போட்டவரே அப்பாதான், பூஜை அவசரத்தில் அவருக்கே மறந்துபோயிற்று. மறுநாள் நம் ஷெட்டுப் பையன் செம்பியன் துடைத்துப் பார்த்துவிட்டு, "அண்ணி, பொட்டு போவ மாட்டேங்குது, சிவப்பு உள்ள எறங்கிக்கீது" என்று ஓடி வந்தான். பானெட் முழுவதும் புதுப் பெயின்ட் அடித்துக் கொடுத்தோம். அந்த டாக்டரம்மா கத்தியிருந்தால்கூட அப்பா தாங்கியிருப்பார், அவள் ரொம்ப மெதுவாக "நீங்க செஞ்சதா சார் இது?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு அவர் எந்த வண்டியிலும் கை வைக்கவில்லை சிந்து. காலையில் என்னோடு வருவார், ஷெட்டுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் பேப்பரோடு உட்காருவார், சாயங்காலம் என்னோடு திரும்புவார். இதை உன்னிடம் மறைத்தது என் தப்பு. பொங்கலோடு கடையை மூடிவிட்டு இங்கே வந்துவிடுங்கள் என்று நீ சொன்னாயே, அக்கறையில்தான் சொன்னாய், ஆனால் அவர் உடனே அதைப் பிடித்துக்கொண்டார். மூடுவதற்கு அவருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது, அதை நீ கொடுத்துவிட்டாய்.

எனக்கு மூட மனசில்லை. இன்னொரு தடவை ஏதாவது ஆனால் என்ன செய்வது என்ற பயம்தான் அவரை உட்கார வைத்திருக்கிறது, அந்தப் பயத்துக்கு இன்ஷூரன்ஸ் எடுத்தால் போயிற்று என்று கிளம்பினேன். பேங்கில் லோன் எடுத்தபோது போட்ட பாலிசி இருக்கிறதே என்று தைரியமாகத்தான் போனேன், அது நம்முடைய சாமானுக்கு மட்டும்தான், அடுத்தவர் வண்டிக்கு ஒரு பைசா வராது என்று அங்கே இருந்த பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். பதினோரு வருஷமாக இது தெரியாமல் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறோம், பார். அப்புறம் ஒரு கம்பெனியில் நாற்பத்தோராயிரம் கேட்டார்கள். இன்னொருவன் ஒன்பதாயிரத்துக்குத் தருகிறேன் என்றான், நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தேன், ஷெட்டுக்கு வருகிறவர் வழுக்கி விழுந்தால் பணம் உண்டு, வேலைக்காக நம் பொறுப்பில் விட்ட வண்டிக்கு மட்டும் கிடையாது என்று பதினாலாம் பக்கத்தில் இருந்தது. நம் தொழிலுக்கு அதைத் தவிர வேறு என்ன வேண்டும்? கடைசியில் தி.நகரில் குருபிரசாத் என்ற ஏஜென்ட் கிடைத்தார். ஒரே நேரத்தில் ஆறு வண்டிக்கு மேல் நிறுத்துவதில்லை, அதனால் ஆறுக்கு மட்டும் போடுங்கள், ஒவ்வொரு சேதத்திலும் முதல் பத்தாயிரத்தை நாங்களே ஏற்றுக்கொள்கிறோம், வண்டி உள்ளே வரும்போதே நாலு பக்கமும் போட்டோ எடுத்து வைக்கிறோம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லத் தொகை இறங்கியது, வருஷத்துக்குப் பதினாறாயிரத்தில் வந்து நின்றது. காய்கறிக்காரியிடம் பேரம் பேசத் தெரியாதவள் என்று இனிமேல் யாரும் என்னைச் சொல்லக்கூடாது.

அதற்குப் பிறகுதான் விண்ணப்பப் பாரத்தோடு குருபிரசாத் ஷெட்டுக்கு வந்தார். அதில், கடந்த மூன்று வருஷத்தில் ஏதாவது சேதம் ஏற்படுத்தியதுண்டா என்று ஒரு கேள்வி, அதற்குக் காரணமானவர் இப்போதும் உங்களிடம் வேலை செய்கிறாரா என்று அடுத்த கேள்வி. குருபிரசாத் நல்ல மனுஷர்தான், ஆனால் "இதையெல்லாம் எழுதிண்டிருந்தா தொகை ஏறும் மாமி, ரெண்டுக்கும் இல்லைன்னு போட்டுடுங்கோ" என்றார். முதல் கேள்விக்கு நான் குங்குமம் முதல் பெயின்ட் வரை எல்லாவற்றையும் எழுதினேன், பொய் எழுதி வாங்குகிற பாலிசி ஆபத்துக்கு உதவாது. இரண்டாவதை எழுதும்போது அப்பா வாசல் நாற்காலியில் இருந்தபடியே, "இல்லைன்னே எழுது பாரதி, அதுல பொய் ஒண்ணும் இல்லையே" என்றார். நான் பேனாவை நிறுத்தவில்லை. ஆமாம், இப்போதும் வேலை செய்கிறார், பெயர் முத்துகிருஷ்ணன், இங்கே மற்ற மூன்று பேருக்கும் தொழில் கற்றுக்கொடுத்தவர் இவர்தான் என்று அந்தச் சின்னக் கட்டத்தில் நுணுக்கி நுணுக்கி எழுதினேன். ஷெட் அவர் பெயரில்தானே இருக்கிறது, கையெழுத்து அவர்தான் போட வேண்டும். உள்ளே வந்து பாரத்தை வாங்கிப் படித்தார், அந்த இடம் வந்ததும் அவர் பார்வை நகரவில்லை. இது பொய் என்று நினைத்தால் கையெழுத்துப் போடாதீர்கள், கிழித்துவிடலாம், பொங்கலுக்கு மூடிவிடலாம் என்றேன். குருபிரசாத்துக்கு ஒன்றும் புரியவில்லை, மேலே ஓடாத ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா பேனாவைக் கேட்டார். போட்டார்.

அந்தக் கேள்வியால் ஆயிரத்து முந்நூறு ரூபாய் கூடியது, மனசாரக் கட்டினேன். போன செவ்வாய்க்கிழமை பாலிசி கைக்கு வந்தது. புதன்கிழமை காலையில் கிளம்பும்போது என் மஞ்சள் புடவைக்குப் பக்கத்தில் அவருடைய நீல வேலைச் சட்டை இஸ்திரி போட்டு வைத்திருந்தது, அவரே போட்டிருக்கிறார். ஷெட்டில் மிஷின் சத்தம் கேட்டுத் திரும்பினேன், அவர்தான். நான் ஆபீஸ் அறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன், வேறென்ன செய்ய.

செலவுக்கென்று நீ அனுப்பிய பணம் அப்படியே இருக்கிறது, உன் பெயரில் டெபாசிட் போட்டுவிட்டேன், சண்டைக்கு வராதே. நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும், அதுதான் எங்கள் இருவரின் ஆசீர்வாதம். ஒன்றை மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது கடையை எப்போது மூடப்போகிறீர்கள் என்று அவரிடம் கேட்காதே, இன்றைக்கு எந்த வண்டிக்கு வேலை செய்தீர்கள் என்று கேள். அரை மணி நேரம் விடமாட்டார், இருந்தாலும் கேள்.

என்றும் உன் நினைவாக இருக்கும் அம்மா,
ஜெயபாரதி