இரண்டு சின்னது, ஒரு பெரியது

அன்புள்ளவருக்கு,

இங்கே நானும் காரும் நலம். அங்கே பயிற்சி மையத்தில் நீங்கள் நலமாக இருப்பதை ஞாயிற்றுக்கிழமைதோறும் உங்கள் பேச்சு டீச்சர் போனில் சொல்லித்தான் நான் தெரிந்துகொள்கிறேன். அதுதான் எனக்கு அவ்வளவு நலமாக இல்லை.

இந்தக் கடிதத்தை உங்களுக்கு வாசித்துக் காட்டப் போவதும் அவள்தான். எப்படி எழுத வேண்டும் என்று ஒரு தாளில் குறித்து அனுப்பியிருக்கிறாள். போனில் என் பேச்சு உங்களுக்கு வேகமாக ஓடிவிடுகிறதாம். கடிதம் என்றால் நிறுத்தி நிறுத்தி வாசிக்கலாமாம். ஒரு பத்தியில் ஒரே விஷயம்தான் இருக்க வேண்டும், எதைப் பற்றி என்று முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும். எதைப் பற்றி என்று தெரிந்தால் மனசு அதற்கு இடம் ஒதுக்கிக்கொள்ளுமாம். தெரியாவிட்டால் கேட்டதெல்லாம் வாசலிலேயே நின்றுவிடுமாம். இருபத்தெட்டு வருஷமாக நான் தக்காளியில் ஆரம்பித்து கார் இன்சூரன்ஸில் முடித்திருக்கிறேன். உங்களுக்கு எல்லாம் புரிந்துகொண்டுதான் இருந்தது. சரி, படித்த பெண் சொல்கிறாள், கேட்டுக்கொள்கிறேன்.

இது காரைப் பற்றி. பேட்டரி மாற்றியாகிவிட்டது. எல் போர்டுக்குச் சிவப்பு பெயின்ட் நானே அடித்தேன், கொஞ்சம் வழிந்துவிட்டது. டாஷ்போர்டில் நீங்கள் மோதிரத்தால் தட்டித் தட்டி விழுந்த பள்ளம் அப்படியே இருக்கிறது. மெக்கானிக் அதை அடைத்துத் தருகிறேன் என்றார். கை வைத்தால் நடக்கிறதே வேறு என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

இது நம் டிரைவிங் ஸ்கூலைப் பற்றி. மூடவில்லை. நீங்கள் பக்கவாதம் வந்து விழுந்ததிலிருந்து ஆபீஸையும் பார்த்துக்கொண்டு, காரில் உங்கள் சீட்டிலும் நான்தான் உட்காருகிறேன். பல் டாக்டரை ஞாபகம் இருக்கிறதா? கண்ணாடி போட்டவர், கிளட்சை விடும்போது நாக்கைக் கடித்துக்கொள்கிறவர். உங்களிடம் மூன்று மாதம் படித்துவிட்டு டெஸ்ட்டுக்குப் போனார். முதல் வளைவிலேயே வண்டி நின்றுவிட்டது. திரும்பி வந்து, “எல்லாம் தெரியும்மா, ஆனா காலு வரல. மாஸ்டர் தட்டுவாரே, அந்தச் சத்தம் இல்லாம எதை எப்ப அமுக்கறதுன்னே தெரியல” என்று அழாக்குறையாகச் சொன்னார். டெஸ்ட் எடுக்கிற அதிகாரி எதற்கு டாஷ்போர்டைத் தட்டப் போகிறார்? ஒரு தட்டு கிளட்ச், இரண்டு தட்டு கண்ணாடி என்று ஊரையே பழக்கி வைத்துவிட்டு நீங்கள் போய்ப் படுத்துக்கொண்டீர்கள்.

ஆஸ்பத்திரியில் உங்கள் விரலிலிருந்து கழற்றிக் கொடுத்த மோதிரத்தை என் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு பல் டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்தேன். தட்டினேன். மனுஷன் தண்ணீர் மாதிரி ஓட்டினார். அடுத்த நாள் மெல்லத் தட்டினேன். அதற்கடுத்த நாள் இன்னும் மெல்ல. கடைசி இரண்டு நாள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போன செவ்வாய்க்கிழமை பாஸ் பண்ணிவிட்டார். சந்தோஷத்தில் எனக்கு ஒரு பல்லை இலவசமாகப் பிடுங்கித் தருவதாகச் சொன்னார்.

இது உங்கள் டீச்சரைப் பற்றி. வாசிக்கிற குரல் இந்த இடத்தில் மாறுகிறதா என்று கவனியுங்கள்.

போன மாதம் நான் வந்திருந்தபோது, அவள் சாவி படத்தைக் காட்டி “சா” என்றாள். நீங்கள் உடனே “சாவி” என்றீர்கள். பாதி வாயால் சிரிக்கவும் செய்தீர்கள். அவள் போன பிறகு, நம் கார் சாவியையே கையில் பிடித்துக்கொண்டு சாயங்காலம் வரை “சா, சா” என்று நானும் சொல்லிப் பார்த்தேன். வராத பஸ்ஸை எதிர்பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கடைசியில் அவள் உள்ளே வந்தாள். சத்தம்கூடக் கொடுக்கவில்லை, வாயைக் கொஞ்சம் திறந்து காட்டினாள், அவ்வளவுதான். “சாவி” என்று சொல்லிவிட்டீர்கள். எனக்கு வயிறு எரிந்தது. பொறாமையா என்றால் பொறாமைதான், அதை வேறு பெயர் வைத்து எழுத எனக்குத் தெரியவில்லை. இருபத்தாறு வயசுப் பெண் உதட்டை அசைத்தால் உங்களுக்கு வார்த்தை வருகிறது. நான் தொண்டை கிழியக் கத்தினாலும் வரவில்லை. அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளோடு மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டே வந்து, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

இது படங்களைப் பற்றி. வீட்டிலிருந்து நான் அனுப்பிய படங்களைச் சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கி வைத்துப் பயிற்சி கொடுக்கிறாளாம். நம் மகள் பெயரை முதல் எழுத்துக்கே சொல்லிவிட்டீர்களாம். காரையும் சொல்லிவிட்டீர்களாம். பக்கத்து வீட்டு நாயின் பெயரைக்கூடச் சொன்னீர்களாம். உங்களை இரண்டு முறை கடித்த நாய் அது. என் படம் வந்ததும் என் பெயரின் முதல் எழுத்தைச் சொல்லியிருக்கிறாள். அடுத்த எழுத்தையும் சொல்லியிருக்கிறாள். கடைசி எழுத்து ஒன்றுதான் பாக்கி என்கிற அளவுக்குச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். நீங்கள் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, “டீச்சர்” என்றீர்களாம்.

இதை அவளேதான் மறைக்காமல் என்னிடம் சொன்னாள். கடைசியாகச் சொன்ன வார்த்தை நாக்கில் ஒட்டிக்கொள்வது இந்த நோயில் சகஜம் என்றாள். ஒட்டிக்கொள்ள வேறு வார்த்தையா கிடைக்கவில்லை? பிறகு, “வீட்ல உங்கள எப்படிக் கூப்பிடுவாரும்மா? செல்லப்பேர் ஏதாவது இருக்கா?” என்று கேட்டாள். “ஒண்ணும் இல்ல” என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

அது பொய்.

இது என்னைப் பற்றி. நீங்கள் என்னை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. செல்லப்பெயரும் கிடையாது. கிளாஸ் முடிந்து வந்து வெளியே நின்று ஹாரன் அடிப்பீர்கள். இரண்டு சின்னது, ஒரு பெரியது. நான் எந்த வேலையில் இருந்தாலும் ஈரக் கையோடு ஓடி வந்து இரும்புக் கதவைத் தூக்கித் திறப்பேன். மார்க்கெட்டில் கூட்டத்தில் தொலைந்துபோனாலும் அந்த ஹாரன்தான். எத்தனை கார் நடுவிலும் எனக்கு அது தனியாகக் கேட்கும். ஆபீஸ் மேஜையில் உட்கார்ந்தபடியே விரலால் அதையே தட்டுவீர்கள், நான் வருவேன். ஒரு மனுஷியைக் கூப்பிடுகிற லட்சணமா இது என்று நம் கல்யாணமான வருஷத்திலேயே சண்டை போட்டிருக்கிறேன்.

ஏன் மறைத்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். இந்த வீட்டில் அவளுக்குத் தெரியாமல் எனக்கு மட்டும் தெரிந்தது அது ஒன்றுதான். அவள் எழுத்து எழுத்தாகத் தடவிக்கொண்டு இருக்கட்டும், அடுத்த மாதம் நான் காரிலேயே வந்து அந்த ஹாரனை அடிக்கும்போது நீங்கள் திரும்புவதை அவள் நின்று பார்க்கட்டும் என்று நினைத்தேன். மூன்று வாரம் இதையே நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினேன். போன ஞாயிற்றுக்கிழமை அவள் பேசினாள். என் படத்தைக் காலையில் எடுத்து வைத்தால் நீங்கள் கவிழ்த்துப் போட்டுவிடுகிறீர்களாம், அப்புறம் அன்றைக்கு முழுக்க வாயே திறப்பதில்லையாம். அதனால் வருகிற வாரத்திலிருந்து என் படத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டாள். நாய் இருக்கும், நான் இருக்க மாட்டேன்.

போனை வைத்துவிட்டு, கட்டைவிரலில் இருந்த மோதிரத்தைத் திருகிக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பல் டாக்டருக்கு ஓட்டத் தெரியாமல் போகவில்லை. தட்டுதான் கேட்கவில்லை. என் படத்தைப் பார்த்து நீங்கள் தவிக்கிறீர்கள் என்றால் நானும் உங்களுக்குள் எங்கேயோ இருக்கிறேன். தெரியாத ஒருத்தியின் படத்தை எதற்காகக் கவிழ்க்க வேண்டும்?

டீச்சர், இங்கே வாசிப்பதை நிறுத்துங்கள். இது உங்களுக்கு.

உங்கள் மையத்து வேன் பின்பக்கம் நிற்கிறதே, அதன் டிரைவரிடம் சொல்லி ஹாரன் அடிக்கச் சொல்லுங்கள். இரண்டு சின்னது, ஒரு பெரியது. பெரியது, ஒருத்தி கைவேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வருகிற நேரத்துக்கு இழுக்க வேண்டும். அதற்கு முன்னால் படத்தைக் கையில் எடுத்துக் காட்டாதீர்கள். முதல் எழுத்தைச் சொல்லாதீர்கள். உதட்டையும் அசைக்காதீர்கள். அவர் வாயைப் பார்க்காமல் கண்ணைப் பாருங்கள். எங்கள் கதவு உயரம், நான் குள்ளம். ஹாரன் அடித்துவிட்டு, கதவுக்கு மேலே என் தலை தெரிகிறதா என்று கொஞ்சம் நிமிர்ந்து பார்ப்பார். அப்படிப் பார்த்தால் போதும், பெயரைச் சொல்லிவிட்டார் என்று எழுதிக்கொள்ளுங்கள். வாய்க்கு வருவது மெல்ல வரட்டும். நாளாக ஆக ஹாரனைக் குறைத்துக்கொள்ளலாம். அதை எப்படிச் செய்வது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நீங்கள் நல்ல டீச்சர். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மூன்று வாரம் பொய் சொன்னதற்கு மன்னித்துவிடுங்கள். கூடவே ஒன்று கேட்கிறேன், மறுக்காதீர்கள். ஹாரன் அடிக்கும்போது நீங்கள் அவர் அறைக் கதவருகில் நிற்க வேண்டாம். நாலு நாள் நின்றால் அந்தச் சத்தம் உங்களுக்கு உரியதாகிவிடும். என் படத்தைக் கதவில் ஒட்டி வையுங்கள், தரையிலிருந்து நாலே முக்கால் அடி உயரத்தில். நீங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் நில்லுங்கள் அம்மா.

இனி அவருக்கு வாசியுங்கள்.

என்னங்க, இது கதவைப் பற்றி. கீலுக்கு எண்ணெய் போட்டுவிட்டேன். தூக்காமலே திறக்கிறது. நல்லபடியாகச் சாப்பிட்டு, டீச்சர் சொல்வதைக் கேட்டு, நூறு வயசு இருங்கள். நேற்று யாரோ தெருவில் ஹாரன் அடித்தார்கள், நம் ஹாரன் இல்லை, இருந்தாலும் போய்த் திறந்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஈரக் கையோடு நிற்பவள்